அருவி வரைக்கும் அம்மா நடந்தாள்

ஜூன் 9

சின்னவளே,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். மெசேஜ் அனுப்பினால் போய்ச் சேர்வதே இல்லை. "உன்ன பிளாக் பண்ணிட்டா" என்று உன் அத்தான் சொல்லிச் சிரிக்கிறார். சரி, தபால்காரரை நீ என்ன செய்வாய்? பள்ளிக்கூடத்து விடுப்புக் கடிதத்துக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துக் கிண்டல் செய்யாதே.

நான் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்குச் சத்தியமாக விளங்கவில்லை. சனிக்கிழமை நீ பல்செட் அவசரம் என்று லேபுக்கு ஓடிவிட்டாய். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்த நான் சுவரையா பார்த்துக்கொண்டிருப்பேன்? வாடகைக்கு ஒரு கார் எடுத்து, அம்மாவைத் தூக்கி அதில் உட்காரவைத்து, வீல்சேரை மடக்கி டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்றுதான். பாதி வழியில் அருவி என்று ஒரு பலகை. சுலபமான பாதை, அரை மணி நேர நடை, குழந்தைகளும் போகலாம் என்று எழுதியிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் நாள் பூராவும் உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்கு அந்த நடை நல்லதுதானே என்று வண்டியைத் திருப்பினேன்.

அம்மாவை நிழலில் வீல்சேரில் உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்து, "ஒரு எட்டு பார்த்துட்டு ஓடி வந்துடறேம்மா" என்றேன்.

"நானும் வரேன்" என்றாள்.

"எப்படி வருவ?"

"எப்படின்னா? நடந்துதான்."

டீயைக் கீழே வைத்தாள். கால் வைக்கும் தட்டை ஒதுக்கினாள். சக்கரத்துக்குப் பிரேக் போட்டாள். கால் உடைந்து ரெண்டு வருஷமாக வீல்சேரில் கிடந்தவள், எழுந்து நின்றுவிட்டாள்! விழப்போகிறாள் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன், என் கையைத் தட்டிவிட்டாள். மரவேர், கல், ஓடைக்குக் குறுக்கே போட்ட பலகைப் பாலம் எல்லாவற்றையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். அருவி ஒன்றும் பிரமாதமில்லை, நம் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் இதைவிட அதிகமாகக் கொட்டும். ஆனால் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நின்றாள் பார், எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. போட்டோ எடுத்து அங்கேயே நம் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான், "சின்னவகிட்ட சொல்லாதடி" என்றாள். உனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போதே உன் வீட்டுக்காரர் போன் பண்ணினார். எவ்வளவு தன்மையான பேச்சு! "அத்தைக்குக் குணமாயிடுச்சு, ரொம்ப சந்தோஷம்க்கா. ரெண்டு வருஷமா நான் வாயே திறக்கல. இனி அவளக் கூட்டிட்டுப் போகலாம்ல?" என்று கேட்டார். பாவம் மனுஷன். "தாராளமா வந்து கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

நீ வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாய். விடியற்காலை ரயிலுக்கு நான் கிளம்பும்போதும் எட்டிப் பார்க்கவில்லை. உனக்கு நல்லதைத்தானே செய்தேன்?

அக்கா


ஜூன் 12

அக்கா,

நல்லதைத்தானே செய்தேன் என்று கேட்டிருக்கிறாய். கடிதத்தைச் சமையல் மேடையில் போட்டுவிட்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றிருந்தேன்.

அன்று சாயந்திரம் நீ வாசலில் பல்லெல்லாம் தெரிய நின்றாய். "அம்மா அருவி வரைக்கும் நடந்தாடி!" என்றாய். லேபில் போனையே பார்க்காமல் வந்திருந்தேன், விளையாடுகிறாய் என்றுதான் நினைத்தேன். அம்மா வீல்சேரில் காலைப் போர்த்திக்கொண்டு வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள். கீழே கழற்றிப் போட்ட செருப்பின் அடியில் சேறு. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அப்போதுதான் இது நிஜம் என்று புரிந்தது. தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. உன்னோடு சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

ரெண்டு வருஷம், அக்கா. தினமும் காலையில் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வீல்சேரில் உட்காரவைக்கிறேன். குளிப்பாட்டுகிறேன். இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் லேபில் உட்காருகிறேன். நான் தடவும் தைல நாற்றத்தில் பக்கத்தில் யாரும் நாற்காலி போடுவதில்லை. பால்கனிச் செடியெல்லாம் வாடாமல் இருக்கிறதே, கீழ்வீட்டு டைலரம்மா வந்து தண்ணீர் ஊற்றுகிறாள் போல என்று அவளுக்கு நன்றி சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மேல் அலமாரி டப்பா கீழே வந்திருக்கும். நானே மறதியாக வைத்திருப்பேன் என்று விட்டுவிடுவேன். நான் வேலைக்குப் போனதும் எழுந்து வீடெல்லாம் நடந்திருக்கிறாள். படியில் என் காலடி கேட்டதும் போய் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியாத இன்னொரு அம்மா இந்த வீட்டில் இருந்திருக்கிறாள்.

ஏன் என்று கேட்டேன். காலில் கிடந்த போர்வையைச் சரிசெய்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவளைத் தூக்கப் போகவில்லை. எழுந்து வரட்டுமே என்று எதிரில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. மதியம்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பாத்ரூமுக்குக்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு கிடந்தாள். கடைசியில் நான்தான் போய்த் தூக்கினேன். நடக்கத் தெரிந்தவளைத் தூக்கினேன், அக்கா. எனக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி என்று பெயர் வைத்துவிட்டால் தீர்ந்தது.

இதற்கு மேல் நீ வேறு. "தாராளமா வந்து கூட்டிட்டுப் போங்க!" என்னைக் கொடுக்க நீ யார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அவர் போன் பண்ணினார். 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காரோடு வருகிறாராம். "அத்தைக்குத்தான் நல்லாயிடுச்சே, வேற காரணம் ஒண்ணும் இல்லல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் போக விரும்பவில்லை. அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அருவியில் அம்மா உன்னிடம் வேறு என்ன சொன்னாள்? ஒன்றுவிடாமல் எழுது.

தங்கச்சி


ஜூன் 15

சின்னவளே,

உன் கடிதத்தைக் காரிலேயே பிரித்துப் படித்தேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த பெண் கிளட்ச்சை டப்பென்று விட்டு நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். "என்ன மேடம், திட்டலையா?" என்று அவளே பயந்துபோய்க் கேட்டாள்.

அருவியில் அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை. அதனால் நேற்று நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில், "காலு வலிக்குதுடி" என்று ஆரம்பித்தாள். "அம்மா, நாடகமெல்லாம் போதும். நான் கண்ணால பார்த்தவ" என்று கத்தினேன். பிறகு, "அவனுக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டாள். உன்னைக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டேன் என்றேன். "பாவி! கெடுத்தியே!" என்றாள். அம்மா என்னை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கட்டுப் பிரிச்ச மாசமே நான் நடந்துட்டேன்டி. சாயந்திரம் சின்னவ வந்ததும் காட்டணும்னு கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். கதவிடுக்குல பார்க்கிறேன், அவ படி ஏறி வரா. கீழ்வீட்டுல தையல்மெஷின் டிராயர டமால்னு சாத்தினாங்க. அவ்வளவுதான். இவ கைய நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சிக்கிட்டு அப்படியே படியில உட்கார்ந்துட்டா. சுத்துமுத்தும் பார்க்கிறா. யாரும் இல்லன்னு தெரிஞ்சதும் வாயப் பொத்திக்கிட்டு அழறா. அவ வீட்டு டிராயர்ல இவ விரலு ரெண்டும் எப்படி உடைஞ்சதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. சத்தம் போடாம வந்து வீல்சேர்ல உட்கார்ந்துட்டேன். என் காலு நல்லாயிட்டா இவள என்ன சொல்லிடி இங்க வச்சிக்கிறது? அம்மாவப் பார்த்துக்கறான்னா ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான். அன்னிக்கு அருவின்னதும் ஆசைய அடக்க முடியலடி."

சின்னவளே, டிராயர் தானாகச் சாத்திக்கொண்டது என்றுதானே சொன்னாய்? நானும், "கண்ண எங்கடி வச்சிருந்த" என்று உன்னைத்தானே திட்டினேன்? அம்மா சொல்வது நிஜமா? ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அந்த மனுஷனை இத்தனை நாளும் தன்மையானவர் என்று சொல்லித் திரிந்தேனே. போட்டோவைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, எல்லோரும் பார்த்தாயிற்று.

ஆனால் வழி இருக்கிறது. அம்மா மறுபடியும் விழுந்துவிட்டாள், முன்னைவிட மோசம் என்று நான் அவரிடம் சொல்கிறேன். அம்மா தயார். "சாகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன்டி" என்கிறாள். நீ ஒன்றும் பேசவேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சனிக்கிழமை ரயிலுக்கு நானும் வருகிறேன்.

அக்கா


ஜூன் 18

அக்கா,

ஆமாம்.

ஒரு வார்த்தை போதும் என்றாய், போதாது. எழுதிவிடுகிறேன். பேசினால் அழுதுவிடுவேன்.

அன்று லேபில் வேலை முடிய நேரமாகிவிட்டது. வந்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பூன் எடுக்க டிராயரைத் திறந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். என் கை உள்ளே இருக்கும்போதே இடுப்பால் அழுத்திச் சாத்தினார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில். "இனிமே நேரத்துக்கு வருவ, இல்ல?" என்றார். ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். தானாகச் சாத்திக்கொண்டது என்று டாக்டரிடம் அவரே சொன்னார். நானும் தலையாட்டினேன். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்திவைக்கிற கை, அக்கா இது. இப்போது இங்கே லேபில் அந்த வேலையை எனக்குக் கொடுப்பதில்லை. பாலிஷ் போடுகிற மெஷினில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதமே அம்மா விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். ஓடி வந்தேன். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருக்கும். பெற்ற தாய்க்குக் கால் சரியாகக் கூடாது என்று நினைக்கிற பெண்ணை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? அவள் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள், நான் அவள் உட்கார்ந்தே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல அம்மா, நல்ல பெண்!

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். "ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன். "நீ சொன்னியா?" என்றாள். சாப்பிட்டோம். அவளைத் தூக்கிப் படுக்கவைத்தேன். எழுந்து நட என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுந்துகொள்ள அவளுக்கும் தைரியம் வரவில்லை.

பொய் சொல்லிவிடு. எனக்கும் அதுதான் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் நீ வராதே. நீ வந்தால் ஊரைக் கூட்டுவாய். அவர் சிரித்துக்கொண்டே நிற்பார். பார்க்கிறவர்களுக்கு உனக்குத்தான் பைத்தியம் என்று தோன்றும். அவர் எதிரில் நிற்க உன்னால் முடியாது. என்னாலும் முடியாது, ஆனால் எனக்குப் பழக்கம்.

தங்கச்சி


ஜூன் 20

சின்னவளே,

அவனுக்குப் போன் போட்டுவிட்டேன். ஆமாம், அவன்தான். இனி என் வாயில் அவர் வராது.

அம்மா அருவிக்குப் போனதுதான் வினையாகிவிட்டது, மறுநாளே கால் வீங்கி விழுந்துவிட்டாள், இனி நடக்கவே மாட்டாள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று அழுதுகொண்டே சொன்னேன். அழுகை நிஜம்தான், அதற்காக நடிக்கவேண்டியிருக்கவில்லை.

"அடடா" என்றான். "அப்ப நான் வந்து பார்த்தே ஆகணும்க்கா. என் கண்ணால பார்த்தாதான் மனசு ஆறும்."

நம்பவில்லை அவன். வராதே என்று சொல்லிவிட்டாய். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னை வரச்சொல்லி ஒரு போன் பண்ணேன், சனியனே. அம்மாவைக் காலை அசைக்கவே விடாதே. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அக்கா


ஜூன் 23

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. உனக்குப் போன் பண்ணாததற்கு மன்னித்துவிடு. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் வந்தான். பழம், பிஸ்கட், அம்மாவுக்குப் புதுப் போர்வை எல்லாம் வாங்கி வந்திருந்தான். வீல்சேரின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "வீக்கமே இல்லையே அத்தை" என்றான். "உள்வீக்கம்" என்றாள் அம்மா. எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. அவன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான், அது அடங்கிவிட்டது.

"வீட்டுக்குள்ளயே இருந்தா எப்படி? வாங்க, மூணு பேருமா அந்த அருவிக்குப் போயிட்டு வரலாம்" என்றான். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை. நீ போன அதே இடம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கும்பல். பிள்ளைகள், கிழவர்கள், நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லோரும் போகிறார்கள். சுலபமான பாதை என்று பலகை. அவன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

"வீல்சேர் இதுக்கு மேல போகாது. எழுந்து நாலடி வாங்க அத்தை, பார்ப்போம்."

"முடியாதுப்பா."

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து அம்மாவைத் தூக்கிவிட்டான்.

நான் பின்னாலேயே ஓடினேன். அம்மாவை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடக்கிறான். வருகிறவர்கள் எல்லாம், "எப்படிப்பட்ட மருமகன் பாரு" என்று வழிவிட்டு நிற்கிறார்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்க்கிறாள். அவனும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறான். அம்மா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். முகத்தை அவன் சட்டையில் படாமல் வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ரெண்டு காலும் துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தன, ஒரு விரல்கூட அசையவில்லை. என் விரலை உடைத்தவன் கையில் எனக்காகக் கிடக்கிறாள், அக்கா. அவனைத் தொடுவதற்கே அவளுக்குக் குமட்டியிருக்கும். பாலம் வந்தது. பாலத்தின் நடுவில் நின்று, ஓடைப்பக்கமாகக் கையைக் கொஞ்சம் நீட்டினான். கொஞ்சம்தான். "பயமா இருக்கா அத்தை? இறங்கி நடக்கிறீங்களா?" என்று கேட்டான். அதே குரல். நேரத்துக்கு வருவ இல்ல என்று கேட்ட அதே குரல்.

அப்போதும் அம்மா கண்ணைத் திறக்கவில்லை. காலை அசைக்கவில்லை.

"அம்மா, இறங்கு" என்றேன்.

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"இறங்கும்மா. போதும்மா. நட."

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பாலத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள். அப்புறம் அவன் மார்பில் கையை ஊன்றித் தள்ளினாள், காலைக் கீழே போட்டாள், நின்றாள். கூட்டத்தில் யாரோ, "அடக் கடவுளே!" என்றார்கள். அவன் ரெண்டு கையையும் நீட்டியபடியே நின்றான்.

"பார்த்தியா? ரெண்டு பேரும் சேர்ந்து என்ன ஏமாத்தியிருக்கீங்க. அம்மாவுக்கு முடியலன்னுதானே இங்க இருந்த?" என்றான். இன்னமும் சிரிப்பு.

"இல்ல. அம்மாவுக்கு நல்லா முடியும். உங்களுக்குப் பயந்துதான் இருந்தேன்" என்றேன். "நீங்க டிராயர்ல வச்சு என் விரல உடைச்சீங்க. நான் வரமாட்டேன்."

சொல்லிவிட்டேன், அக்கா. இத்தனை பேர் எதிரில் சொல்லிவிட்டேன். கன்னத்தில் கைவைத்திருந்த அந்த அம்மாள் மட்டும் எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். முதல் முறையாக அவன் சிரிப்பு போயிற்று. ஏதோ முணுமுணுத்தான், சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான், திரும்பிப் போய்விட்டான். கார் கிளம்புகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம்தான் எனக்கு ஆட்டம் கண்டது. முழங்கால் ரெண்டும் தடதடவென்று அடித்துக்கொண்டன. பாலத்தின் கம்பியை விட்டால் விழுந்துவிடுவேன். ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை. அம்மா பக்கத்தில் வந்தாள். என் கையைக் கம்பியிலிருந்து பிரித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கையால் என் இடுப்பை வளைத்துப் பிடித்தாள். நான் தினமும் அவளைப் பிடிக்கிற மாதிரியே.

"என்மேல சாஞ்சிக்க. மெதுவா வா, அவசரமில்ல" என்றாள்.

பஸ் நிறுத்தம்வரைக்கும் அம்மாதான் என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தங்கச்சி